குளூட்டமேட்டுக்குப் பயந்து பருப்பை நிறுத்தாதீர்கள்

போன வாரம் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தவர் நான்கு மாதத்தில் பத்துக் கிலோ எடை குறைந்திருந்தார். எம்.என்.டி. என்று நாங்கள் சொல்லும் மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் (நியூரான்கள்) படிப்படியாக அழியும் நோய், அவருக்கு ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. ஆனால் விழுங்குவதில் சிரமம் எதுவும் இல்லை. பிறகு எப்படி இவ்வளவு எடை போனது என்று கேட்டேன். அவருடைய மனைவி கைப்பேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டினார். சாப்பாட்டில் இருக்கும் குளூட்டமேட் நரம்புகளைக் கொல்லும் என்கிறது அது. அதைப் பார்த்த நாளிலிருந்து அந்த வீட்டில் தக்காளி கிடையாது, பருப்பு, பால், முட்டை எதுவும் கிடையாது. கஞ்சியும், பை நிறைய சத்து மாத்திரைகளும்தான். இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

காணொளியில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் முக்கியமான வேதிப்பொருள் குளூட்டமேட். செய்தி போய்ச் சேர்ந்ததும், பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் மிச்சத்தை உறிஞ்சிவிட வேண்டும். இந்த நோயில் அந்த வேலை தடுமாறுகிறது. தேங்கிய குளூட்டமேட் மோட்டார் நியூரானை ஓயாமல் தூண்ட, உள்ளே கால்சியம் அளவுக்கு மீறிச் சேர்ந்து அந்த நரம்பணு சிதைகிறது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றும் நாங்கள் எழுதித் தரும் ரிலுசோல் மாத்திரை, நரம்பணுக்கள் குளூட்டமேட்டை வெளிவிடுவதைக் குறைக்கிறது.

ஆனால் அந்தக் குளூட்டமேட் உங்கள் வீட்டுச் சாம்பாரிலிருந்து வந்தது இல்லை! சாப்பாட்டில் வரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலின் செல்களே எரிபொருளாகச் செலவழித்துவிடுகின்றன. மீதி இரத்தத்துக்கு வந்தாலும் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது, நடுவே தடுப்பு இருக்கிறது. மூளையும் தண்டுவடமும் தங்களுக்கு வேண்டிய குளூட்டமேட்டைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. தக்காளியை நிறுத்தினாலும் சரி, குளூட்டமேட் உப்பான அஜினோமோட்டோவை நிறுத்தினாலும் சரி, தண்டுவடத்தில் எதுவும் மாறப்போவதில்லை. பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் குறைவது எடைதான். எம்.என்.டி. நோயாளிகளில் எடை வேகமாகக் குறைகிறவர்களுக்கு ஆயுளும் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். பலருக்கு உடல் சும்மா இருக்கும்போதே வழக்கத்தைவிட அதிகமாகக் கலோரி செலவாகிறது. அவர்களைப் பட்டினி போடாதீர்கள். சோற்றில் நெய் ஊற்றுங்கள், முட்டை கொடுங்கள், பால் கொடுங்கள். சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த மாத்திரைப் பை. ‘செல்லுக்குள் செய்தி கடத்தும் இந்தச் சமிக்ஞைப் பாதையைத் தடுத்தால் நியூரான் சாகாது’ என்று எலியில் காட்டிய ஆய்வுகள் ஏராளம். மினோசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோக்ளியா என்ற மூளையின் காவல் செல்கள் கிளப்பும் அழற்சியையும், செல் தன்னையே அழித்துக்கொள்ளும் சமிக்ஞையையும் அது எலியில் அடக்கியது. எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. மனிதர்களுக்கு? 400க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த முடிவு 2007இல் வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு நோய் இன்னும் வேகமாக முற்றியிருந்தது. 2008இல், மனநோய்க்குத் தரும் லித்தியம். இத்தாலியில் ஒரு சிறிய ஆய்வு நல்ல செய்தி சொன்னதும், உலகம் முழுக்க நோயாளிகள் தாங்களாகவே விழுங்கத் தொடங்கினார்கள். பிறகு நடந்த பெரிய சோதனைகளில் பலன் எதுவும் தெரியவில்லை. ஒரே பாதை ஒரு கட்டத்தில் நியூரானைக் காக்கிறது, இன்னொரு கட்டத்தில் கெடுக்கிறது. அதில் கை வைத்தால் தீங்கும் வரலாம். இணையத்தில் வாங்கும் மாத்திரைக்கும் இது பொருந்தும்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. எஸ்.ஓ.டி.1 மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1993இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவின் செய்தியை மறிக்கும் டோஃபர்சன் ஊசிக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இடையில் முப்பது ஆண்டு உழைப்பு. அதுவும் எஸ்.ஓ.டி.1 கோளாறு உள்ள சிறு பகுதியினருக்கு மட்டும்தான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லைச் செலுத்தும் சிகிச்சை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.என்.டி.க்கு இந்தியாவில் அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. முறையான ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கக் கூடாது என்பதே ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலைப்பாடு. ஆய்வில் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தயவுசெய்து நிலத்தை விற்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பணம் பின்னால் பராமரிப்புக்குத் தேவைப்படும்.

கை மெலிவதற்குக் கழுத்து டிஸ்க்தான் காரணம் என்று நினைத்து, எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுக்கம் தெரிந்ததும் ஆபரேஷனுக்கு ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐம்பது வயது தாண்டிய பெரும்பாலானவர்களின் கழுத்தில் அது தெரியும். வலி இல்லை, மரத்துப்போவதும் இல்லை, ஆனால் கை மெலிகிறது, சதை துடிக்கிறது என்றால் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனை எடுங்கள். இருபது வயதுப் பையனுக்கு ஒரு கை மட்டும் மெலிந்தால் அது ஹிராயாமா நோயாகவும் இருக்கலாம். அது பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானாக நின்றுவிடும். கண் இமை மட்டும் துடிக்கிறது என்று பயந்து வருகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ரிலுசோல் சோதனைகளில் கூட்டித் தந்த ஆயுள் இரண்டு மூன்று மாதம். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், கல்லீரல் பரிசோதனையோடு தொடருங்கள். ஆனால் பை-பாப் என்ற மூச்சுக் கருவி அதைவிட அதிகம் தருகிறது. இங்கிலாந்தில் நடந்த சோதனையில், பேச்சும் விழுங்குதலும் அதிகம் கெடாதவர்களுக்குச் சராசரியாக 205 நாள் கூடுதலாகக் கிடைத்தது. 2006இலேயே வெளியான முடிவு இது. இருந்தும் ‘மெஷின் வேண்டாம் டாக்டர்’ என்கிறார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காலையில் தலை வலிக்கிறதா, பகலெல்லாம் தூக்கம் வருகிறதா? உடனே சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வயிற்றில் உணவு செலுத்தும் குழாய் வைப்பதையும் மூச்சு நன்றாக இருக்கும்போதே முடிவு செய்யுங்கள், பிற்பாடு அதில் ஆபத்து கூடும்.

அப்புறம், மூச்சு வாங்குகிறது என்று வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி நீங்களாக வைத்துவிடாதீர்கள். இந்த நோயில் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சை இழுக்கும் தசைதான் சோர்ந்துபோகிறது. ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் உள்ளே கரியமில வாயு சேர்ந்து நோயாளி மயங்கிவிடக்கூடும். சிலிண்டரைத் திறப்பதற்கு முன் உங்கள் மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள்.