தொட்டியில் கிடக்கும் கல் இருப்பா, இல்லையா?

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘இருப்பு’, ‘விற்பனை’ என்று இரண்டு கட்டம் போதும் என்றுதான் வெளியூர் புரோகிராமர் நினைப்பார்.

பட்டறை வேலை அப்படி நடப்பதில்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு எடுத்த டைல்ஸ் கல்லை உடனே விற்க முடியாது. காய வேண்டும், அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும், மறுபடி காய வேண்டும். கைவேலை என்பதால் ஒரே பூ டிசைனிலும் கலவைக்குக் கலவை நிறம் லேசாக மாறும். ஒரு கூடத்துக்குப் போகும் கல்லை ஒரே கலவையில் எடுத்தால்தான் பார்வையாக இருக்கும். கணினி ஆயிரம் கல் இருப்பு என்று காட்டலாம். அந்தக் கூடத்துக்கு அனுப்பத் தோதான கல் அதில் பாதிகூட இருக்காது.

பட்டறைக்காரர்களிடம் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் இதெல்லாம் வெளியே வராது. தினமும் செய்து கைபழகிய வேலை, தனியாகச் சொல்லத் தோன்றாது. ஒரு தாளில் மென்பொருளின் திரையை வரைந்து அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்: “தொட்டிக் கல்லை இதில் எங்கே எழுதுறது?” என்று கேள்வி வந்துவிடும். 1981-இல் தொடங்கிய ஸ்காண்டிநேவியாவின் யுடோபியா என்ற கணினி வடிவமைப்புத் திட்டத்தில் அச்சுத் தொழிலாளர்களோடு இப்படித்தான் வேலை செய்தார்கள். வெறும் அட்டைப்பெட்டியை லேசர் பிரிண்டராகப் பாவித்து, வேலையை நடத்திப் பார்த்தார்கள்.

மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களைக் கூட்டத்தில் உட்காரவைத்தால் மட்டும் போதுமா? போதாது. செயலில் பங்கேற்பது வேறு, ‘இது எனக்கு முக்கியம்’ என்று மனதில் படுவது வேறு என்று 1989-இல் ஆய்வாளர்கள் பார்க்கியும் ஹார்ட்விக்கும் பிரித்துக் காட்டினார்கள். தான் சொன்ன தொட்டிக் கட்டம் அடுத்த வாரம் திரையில் வந்திருந்தால்தான் கணக்கு எழுதுபவருக்கு அந்தப் பிடிப்பு வரும். கேட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் விடுவது, கேட்காததைவிட மோசம் என்பேன். எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டால் ஏமாற்றமும் அதற்கேற்பக் கூடும். ஒன்றைச் செய்ய முடியாதென்றால் காரணத்தை அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பயனரைச் சேர்த்தாலே வெற்றி என்பதற்கும் உறுதி கிடையாது. இதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை 1984-இல் அலசிய ஐவ்ஸ், ஓல்சன் என்ற ஆய்வாளர்கள் இருவருக்கும் அப்படி உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஜிஎஸ்டி பில் போடும் பகுதிக்கு எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைக்கத் தேவையில்லை. அதற்கு விதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தைத் தொட்டிக்கும் கலவைக்கும் கொடுக்கலாம்.