வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகாது

கடலூர் முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டை வரையுள்ள கடற்கரை ஊர்களிலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் கருத்துக் கேட்புக் கூட்டங்களை நடத்தி, மக்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுத்தில் கொண்டுவருவது பதினேழு ஆண்டுகளாக என் தொழில். தூண்டில் வளைவு, மீன் இறங்குதளம், சுனாமிக் குடியிருப்பு என்று சுற்றிவந்த பேச்சுகளுக்கு நடுவே, கடந்த சில ஆண்டுகளாகக் ‘கார்பன்’ என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சொல்லோடு ஊருக்குள் வருகிற தாள்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள், அலையாத்தி மரங்களை நட்டு, அவை காற்றிலிருந்து எடுக்கும் கரியமில வாயுவைக் கணக்கிட்டுக் கார்பன் கிரெடிட் என்ற பெயரில் விற்கும் திட்டம் ஒன்றை விளக்குவதற்காக ஒரு நிறுவனம் என்னை அழைத்திருந்தது. வலை பின்னும் கூடத்தில் அறுபது பேருக்கு மேல் கூடினார்கள். தேநீர் கொடுத்தோம், பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டோம், எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். சில மாதங்கள் கழித்து அந்தத் திட்ட அறிக்கை என் பார்வைக்கு வந்தபோது, அதே பதிவேட்டின் நகல் ‘ஊர் மக்களின் ஒப்புதல்’ என்ற தலைப்பில் பின்னிணைப்பாக இருந்தது. நான் எழுதிக் கேட்ட பிறகு அந்தப் பின்னிணைப்பை நீக்கினார்கள். ஆனால் மறுபடி கூட்டம் போடவில்லை. பதிவேட்டின் தலைப்பை வெற்றிடமாக விட்டது என் தவறு. அந்த வெற்றிடத்தில்தான் பிறகு ஒப்புதல் என்ற சொல் ஏறியது.

காலநிலைப் பொறியியல் என்ற பெயரில் பேசப்படுபவை பெரும்பாலும் இரு வகை. ஒன்று, காற்றில் ஏற்கெனவே கலந்துவிட்ட கரியமில வாயுவைத் திரும்ப எடுப்பது. காடு வளர்ப்பதும், அலையாத்தி நடுவதும், வயலில் பாறைத்தூளைத் தூவுவதும், கடல்நீரின் காரத்தன்மையைக் கூட்டுவதும் இதில் சேரும். மற்றொன்று, பூமிக்கு வரும் வெயிலில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புவது. 1991-ல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்துக் கந்தக வாயுவை வானின் உயரத்துக்கு அனுப்பியபோது, உலகின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி தற்காலிகமாகக் குறைந்தது. அதை மனிதர்களே செய்து பார்க்கலாமா என்பதுதான் இந்த இரண்டாம் வகையின் கேள்வி. முதல் வகை முழுவதும் தேவையற்றது என்று ஒதுக்க முடியாது. வேறு வழியில் குறைக்கவே முடியாத உமிழ்வுகளை ஈடுகட்ட இந்தக் கரிம நீக்கம் தவிர்க்க முடியாதது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. தன் 2022 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. சத்தீஸ்கரின் நெல்வயல்களில் பசால்ட் பாறைத்தூளைத் தூவும் முயற்சி 2025-ல் கரிம நீக்கத்துக்கான ஐந்து கோடி டாலர் எக்ஸ்பிரைஸ் பரிசைப் பெற்றிருக்கிறது. நெல் விளையும் நம் மாவட்டத்துக்கும் இதைப் போன்றவை நாளை வரக்கூடும் என்பதால், இவற்றை எங்கோ நடக்கும் செய்தியாக நான் படிப்பதில்லை.

இந்தத் தொழில்நுட்பங்கள் வேலை செய்யுமா என்று பார்ப்பது இயற்பியலாளர், வேதியியலாளர் வேலை. யார் முடிவெடுப்பது, யாரைக் கேட்டு முடிவெடுப்பது, பழுது வந்தால் யார் பொறுப்பு என்று கேட்பது சமூக அறிவியலின் வேலை. 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் சிலர் வகுத்த ஐந்து நெறிகளில், முடிவெடுப்பதில் பொதுமக்கள் பங்கேற்க வேண்டும் என்பதும், நடைமுறைக்குக் கொண்டுவரும் முன்பே ஆளுகை ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றன. சொல்வதற்கு எளிதான இந்த வரிசை களத்தில் அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது.

வெயிலைத் திருப்பி அனுப்பும் வழியை ஆராய்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்கோபெக்ஸ் குழு, 2021-ல் ஸ்வீடனின் கிருனாவில் ஒரு பலூனைப் பறக்கவிட்டுக் கருவிகளை மட்டும் சோதிக்கத் திட்டமிட்டிருந்தது. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான சாமி மக்களின் மன்றம், தங்களைக் கேட்கவேயில்லை என்று எதிர்த்தது. சோதனை நிறுத்தப்பட்டது, 2024-ல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. அதே 2024-ல் கலிபோர்னியாவின் அலமேடா நகரில், அருங்காட்சியகமாக நிற்கும் பழைய விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து கடல்நீர்த் துளிகளைத் தெளித்து, மேகங்களை வெளுப்பாக்கி வெயிலைத் திருப்பும் வழிக்காக ஆய்வாளர்கள் சோதனை நடத்தினார்கள். நகர நிர்வாகம் அமர்த்திய வல்லுநர்கள், இதனால் உடல்நலத்துக்குக் கேடில்லை என்றே அறிக்கை கொடுத்தார்கள். இருந்தும் நகர மன்றம் அனுமதி மறுத்தது. தீங்கு இல்லை என்று நிரூபிப்பதும், முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் பெறுவதும் வெவ்வேறு காரியங்கள். முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று திட்டம் தீட்டுபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 2009-ல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து, தென்பெருங்கடலில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புச் சத்தைத் தூவின. நுண்பாசிகள் பெருகிக் கரிமத்தை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் என்பது எதிர்பார்ப்பு. முந்தைய ஆண்டுதான் பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் பான் நகரில் கூடி, கடலுக்கு உரமிடும் முயற்சிகளைத் தள்ளிவைக்கும்படி கேட்டிருந்தன. அதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்பு எழுந்தபோது, பொலார்ஷ்டெர்ன் கப்பல் ஏற்கெனவே கடலில் இருந்தது. லோஹாஃபெக்ஸ் என்ற அந்த ஆய்வு சிறிது நிறுத்திவைக்கப்பட்டுப் பிறகு நடந்தது. பாசி பெருகியது, அதைச் சிறு உயிரிகள் மேய்ந்துவிட்டன, ஆழத்துக்குப் போன கரிமம் மிகக் குறைவு. அறிவியலுக்கு அது பயனுள்ள முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. கப்பல் புறப்பட்ட பிறகு கேட்கப்பட்ட கேள்வி, புறப்படும் முன் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

ஊரைக் கேட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2012-ல் கனடாவின் ஹைடா குவாய் தீவுகளை ஒட்டிய கடலில் சுமார் 100 டன் இரும்பு சல்பேட் கொட்டப்பட்டது. சால்மன் மீன் பெருகும் என்ற நம்பிக்கையில், ஓல்ட் மாசெட் என்ற ஊரே வாக்களித்து அதற்குப் பணம் போட்டது. ஓர் ஊர் ‘சரி’ என்றது. ஆனால் கடல் ஓர் ஊருக்குச் சொந்தமானதா? இந்தக் கேள்வியை நம் மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்து அள்ளும் சுருக்குவலையைத் தமிழ்நாடு அரசு 2000-ல் தடை செய்த நாள் முதல், அதைப் போடலாம் என்ற ஊருக்கும் கூடாது என்ற ஊருக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தைகளையும் மோதல்களையும் அவர்கள் வாழ்ந்து பார்த்தவர்கள். ஒரு பக்கம் போட்ட வலை அடுத்த ஊரின் மீனை எடுக்கும் என்று அறிந்தவர்களிடம், கடலில் கொட்டும் பொருள் எங்கே போகும் என்று கேட்டுப்பாருங்கள். நீரோட்டம் எந்த மாதம் வன்னி, எந்த மாதம் சோணி என்று, அதன் திசைகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களிலிருந்து விடை தொடங்கும்.

ஊர் என்றால் யார் என்பதும் எளிதான கேள்வி அல்ல. தமிழ்நாட்டுப் பகுதியில் கிராம சபை இருக்கிறது, கூடவே மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தும் இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்காததால், கிராமத்தின் சார்பில் கையெழுத்திடத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் ஆண்களே உட்காருகிறார்கள். பிச்சாவரம் வாய்க்கால்களில் இடுப்பளவு நீரில் இறங்கி, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பெயர், அந்தக் காட்டைப் பற்றிய எந்தக் கூட்டத்தின் அழைப்பிலும் இருந்ததை நான் பார்த்ததில்லை. மரம் நட வேலி போட்டால் முதலில் வழி அடைபடுவது அவர்களுக்குத்தான்.

வெயிலைக் குறைக்கும் யோசனையை ஒருமுறை பெண்கள் குழுவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில், மீன் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: “ஏம்மா, வெயிலயே கொறச்சிட்டா நெத்திலி எப்டிம்மா காயும்? மழைக்காலத்துல ரெண்டு நாள் மூட்டம் போட்டாலே புழு வச்சிடுது.” நான் படித்த ஆளுகைக் கட்டுரைகள் எதிலும் கருவாடு இல்லை. குறைக்கப்படும் ஒளி மிகச் சிறிய பங்கு என்று நான் சொல்லலாம்; ஆனால் பருவமழை எப்படி மாறும், தெளிப்பதைத் திடீரென்று நிறுத்தினால் வெப்பம் எத்தனை வேகமாக ஏறும் என்ற கேள்விகளும், ஆண்டு மழையின் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவத்தில் பெறும் இந்தக் கரையில், அவர் கேட்டதிலிருந்து விலகியவை அல்ல. 2024-ல் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் இதைப் பற்றி ஒரு பொதுவான தீர்மானம்கூட எட்டப்படவில்லை என்பதையும் அந்தக் குழுவிடம் சொன்னேன். அப்படியானால் எங்களிடம் கேட்க இன்னும் நேரமிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

கார்பன் ஒப்பந்தத்துக்கு அந்த அவகாசம் இல்லை. அது இன்றே கையில் வருகிறது. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்றும், அந்த டன் பல பத்தாண்டுகள் மண்ணிலும் மரத்திலும் தங்க வேண்டும் என்றும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை மறந்தவர் யாரும் இல்லை. அப்படி ஒரு புயல் நட்ட மரங்களைச் சாய்த்தால் இழப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நண்டு பிடிக்கவும் படகைக் கட்டி நிறுத்தவும் உள்ள உரிமை தொடருமா, நிலம் யார் பெயரில் இருக்கிறது, விற்ற விலையில் ஊருக்கு எத்தனை பங்கு, பிடிக்கவில்லையென்றால் எப்படி விலகுவது என்பவை தமிழில் எழுதப்பட்டுக் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். அந்தக் கிரெடிட்டை வாங்குபவர் யார் என்றும் கேளுங்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரியும் மாவட்டம் இது. இங்கே நடும் மரம், வேறெங்கோ ஒரு புகைபோக்கி தன் உமிழ்வைக் குறைக்காமலே ஓடுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடக் கூடும். கரிம நீக்கத்தின் மீதான நம்பிக்கை, உமிழ்வைக் குறைப்பதைத் தள்ளிப்போடும் என்பது சமூக அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்துவரும் விஷயம்.

இப்போது எங்கள் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வரி அச்சிட்டிருக்கிறோம்: ‘இது வருகைக்கான கையெழுத்து மட்டுமே, எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் அல்ல.’ பெண்களுக்கான கூட்டத்தைச் சந்தையிலிருந்து அவர்கள் திரும்பிய பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கு வைக்கிறோம். நெத்திலியைப் பற்றிக் கேட்ட அந்த அம்மா, சென்ற கூட்டத்தில் அந்த வரியைப் பேத்தியை விட்டு இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகுதான் கட்டைவிரலை மைப்பெட்டியில் வைத்தார்.