‘பாபநாசம்’: மகள்களிடம் யாரும் கேட்காத கேள்வி

2015இல் ஜீத்து ஜோசப் இயக்கத்தில் வெளிவந்த ‘பாபநாசம்’ படத்தைப் பற்றிப் பேசுவோர், குடும்பத்தைக் காக்கப் போராடும் நாயகன் சுயம்புலிங்கத்தின் மதிநுட்பத்தையும், மகனை இழந்த பெற்றோர்முன் அவர் இறுதியில் கலங்கி நிற்பதையுமே பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். சிங்கப்பூரில் குடும்பங்களுக்கு உளவள ஆலோசனை வழங்கும் எனக்கோ, மனத்தை விட்டு அகலாதவர்கள் அவருடைய மகள்களே.

மூத்தவள் செல்வி தற்காப்புக்காக ஓங்கிய அடியில் அந்தப் பெற்றோரின் மகன் உயிரிழக்கிறான். சடலம் புதைக்கப்படுவதை இளையவள் மீனா பார்த்துவிடுகிறாள். காவல்துறையிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தந்தை இருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால், அந்த இரவு உங்களை என்ன செய்தது என்று எவரும் கேட்பதில்லை. தந்தைக்காவது சொல்லி அழ ஓரிடம் வாய்க்கிறது. அந்தக் கண்ணீர் உண்மையானதுதான் என்றாலும், மகனின் உடலைப் பெற்று ஈமக்கடன் செய்ய முடியாத பெற்றோருக்கு அது பாதி ஆறுதலே என்பது என் எண்ணம்.

கொலை அளவுக்குப் போகாத குடும்பங்களிலும் இப்படிப்பட்ட மௌனத்தைக் காண்கிறேன். தந்தை சாங்கி சிறையில் இருக்க, “அப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார்” என்று பள்ளியில் சொல்லப் பழக்கப்படுத்தப்பட்ட பிள்ளைகள், தாங்கள் செய்த ஏதோ ஒன்றால்தான் இப்படி நேர்ந்தது என்று தமக்குள்ளேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். உறக்கம் கெடுகிறது, படிப்பில் நாட்டம் குறைகிறது. வீட்டிலோ அது பிடிவாதமாகப் பார்க்கப்படுகிறது. 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம், சிறையிலிருந்து திரும்புவோரைச் சமூகம் ஏற்க வேண்டும் என்று வலியுறுத்தி வருகிறது. அவர் திரும்பும்வரை வீட்டில் காத்திருக்கும் பிள்ளையின் மனமும் நம் கண்ணில் பட வேண்டும்.

ஆலோசகரிடம் சொன்னால் எல்லாமே ரகசியமாக இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். கொலை உள்ளிட்ட சில கடுமையான குற்றங்களைப் பற்றி அறிந்தவர், தக்க காரணமின்றிக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருக்கக்கூடாது என்கிறது சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு. ஆகவே, இந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது எங்கள் கடமை.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நடந்ததைப் பிள்ளையின் வயதுக்கேற்ற சொற்களில் சொல்லுங்கள், “இதில் உன் தவறு எதுவுமில்லை” என்பதை ஒருமுறையோடு நிறுத்தாதீர்கள். எப்படித் தொடங்குவதென்று தெரியாவிட்டால், அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்தில் சமூக ஊழியர் ஒருவரைப் பார்க்கலாம்.