இடைவேளை பத்து நிமிடம், கழிவறை நான்கு: பிள்ளைகளே எண்ணட்டும்

ஒரு நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகள் 160 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கழிவறை ஆறு. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்றில் தண்ணீர் வராது. மிச்சம் நான்கு. காலை இடைவேளை பத்து நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு கழிவறைக்கு 40 பேர், ஆளுக்கு 15 விநாடி. சுடிதார் நாடாவை அவிழ்க்கவே அது போதாது. அதனால்தான் பல பிள்ளைகள் வீட்டில் நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பி எடுத்துப் போகிறார்கள். மாதவிடாய் நாட்களில் லீவு போடுகிறார்கள்.

பதிவேட்டில் 'கழிவறை: 6' என்றுதான் இருக்கும். 40 மாணவருக்கு ஒன்று என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் குறையே தெரியாது. வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு மட்டும்தான் அது தெரியும். பள்ளியை மேம்படுத்துவது என்ற பேச்சை அந்தப் பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை வரையறுக்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024-இல் குழுக்களை மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. இப்போது படிக்கிற பிள்ளைகளின் குரல்தான் மேசைக்கு வருவதில்லை. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. இந்தியா அதை 1992-இலேயே ஏற்றுக்கொண்டது.

அந்தக் குரலைக் குழுவுக்குக் கொண்டுபோகும் முறை எளிது. 6 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிரதிநிதிகள், ஒரு பெண், ஒரு ஆண். சீட்டில் பெயர் எழுதிப் போட்டு, ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பருவம் முடிந்ததும் ஆள் மாற வேண்டும். பெரும்பாலும் தவறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது: முதல் ரேங்க் வாங்குகிறவரையே ஆசிரியர் லீடர் ஆக்கிவிடுகிறார். ஏற்கெனவே பேசுகிறவர்களின் பெயரைப் போர்டில் எழுதிக் கொடுக்கும் பிள்ளையிடம் மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

பயிற்சிக்கு நான்கு பீரியட் போதும். முதல் பீரியடில் பள்ளியின் வரைபடத்தைச் சார்ட்டில் வரைந்து, பயமான இடங்களுக்குச் சிவப்பு, பிடித்த இடங்களுக்குப் பச்சை வைக்கச் சொல்லுங்கள். மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே என்று பெரியவர்கள் நினைக்காத இடங்களில் சிவப்பு விழும். இரண்டாவது பீரியடில் எண்ணுவதற்குப் பழக்கம்: எத்தனை குழாய், எத்தனையில் தண்ணீர், எத்தனை தாழ்ப்பாள், எத்தனை மின்விசிறி ஓடுகிறது. இதைத் தொடர்ந்து ஐந்து நாள், அதே நேரத்தில் குறிக்க வேண்டும். ஒரே நாள் எண்ணினால், 'அன்றைக்கு மோட்டார் ரிப்பேர்' என்ற பதில் வரும். மூன்றாவதில் மற்ற மாணவர்களிடம் கேட்பது, நான்காவதில் கூட்டத்தில் சொல்லிப் பழகுவது.

கேட்பதற்குப் பெட்டி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி தலைமை ஆசிரியர் அறை வாசலில் இருந்தால் யாரும் சீட்டுப் போட மாட்டார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற பயமும் இருக்கும். கேள்விகளை அச்சடித்து, டிக் மட்டும் போடச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நிரப்பி, மடித்துப் போடட்டும்.

பெட்டியைத் திறப்பது பெரியவர்களின் பொறுப்பு, அதுவும் இரண்டு பேர் சேர்ந்து. ஏனென்றால், ஏதோ ஒரு சீட்டில் பாலியல் தொல்லை பற்றிய வரி இருக்கக்கூடும். அதைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். யார் எழுதியது என்று வகுப்பு வகுப்பாக விசாரிக்காதீர்கள். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று பேசித் தீர்க்கவும் முயலாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள்.

மற்ற எல்லாம் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகட்டும். அங்கே பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம், அதுவும் கூட்டத்தின் தொடக்கத்தில். கடைசியில் வைத்தால் அம்மாக்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் பேசும்போது ஆசிரியர் குறுக்கே பதில் சொல்லக் கூடாது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்மீதான புகார் மேடை இது என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த மாதமே நின்றுபோகும்.

தீர்மானத்தை எழுதுவதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். 'கழிவறைகளைச் சீரமைக்க வேண்டும்' என்று எழுதினால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. 'முதல் தளப் பெண்கள் கழிவறையில் 2-ஆம் எண்ணுக்குத் தாழ்ப்பாள், 5-ஆம் எண்ணுக்குக் குழாய் இணைப்பு. குழாய்க்கு மண்டல அலுவலக உதவிப் பொறியாளருக்குக் கடிதம். எடுத்துச் செல்பவர் துணைத் தலைவர். 15 நாளில் பதில் கேட்பது' என்று இருக்க வேண்டும். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி 1920-இல் தீர்மானம் போட்டபோது, அதில் எந்தப் பள்ளி என்பதும் இருந்தது, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்ற தொகையும் இருந்தது.

தாழ்ப்பாளுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை, அந்த வாரமே வாங்கிப் போட்டுவிடலாம். அப்படிச் சின்னதாக ஒன்றை உடனே முடிப்பது முக்கியம். தாங்கள் சொன்னது நடந்தது என்று கண்ணால் பார்த்த பிள்ளைகள்தான் அடுத்த பருவமும் எண்ண வருவார்கள். நடக்காததற்கும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: கூடுதல் கட்டடத்துக்கு நிதி ஒதுக்கீடு வேண்டும், பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி வெவ்வேறு நேரத்தில் இடைவேளை விட்டால் இப்போதைக்கு ஆளுக்கு 30 விநாடி கிடைக்கும், அதற்கு மணி அடிக்கும் நேரத்தை மாற்ற வேண்டும் என்று.

பெரிய வேலைகள் கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் சொல்லும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் ஏற வேண்டும். நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பாகவாவது அது தயாராக வேண்டும் என்பதால், எண்ணும் வேலையைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறை வந்தால் கூட்டங்கள் தள்ளிப்போகும். ஆனால் மழை பெய்யும் நாட்களில் எந்த வகுப்பறை ஒழுகுகிறது, எந்த வராண்டாவில் தண்ணீர் தேங்குகிறது என்பதை மட்டும் பிள்ளைகள் தனியாகக் குறித்து வைக்கட்டும். வெயில் காலத்தில் பார்வையிட வரும் பொறியாளருக்கு அது கண்ணில் படாது.