மறுரூபம்: மாற்றிக்கொள்வது அல்ல

கடந்த வாரம் ஒரு தியானக் கூட்டத்தில் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்கள்: “உங்களை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் – ரோமர் 12:2.” என் மடியில் திறந்திருந்த வேதாகமத்தில் இருந்ததோ, “உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்.” கைப்பிரதியிலும் பிரசங்கத்திலும் இந்தத் திரிபைப் பலமுறை கண்டும் பேசாமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ‘மொர்ஃபே’ என்றால் உரு. அதையொட்டிய ‘மெட்டமொர்ஃபோ’ என்னும் வினை புதிய ஏற்பாட்டில் 4 இடங்களில்தான் வருகிறது. மலையின்மேல் இயேசு ஒளிவீசி நின்ற காட்சியில் இருமுறை (மத்தேயு 17:2, மாற்கு 9:2), பிறகு ரோமர் 12:2, 2 கொரிந்தியர் 3:18. 1871-இல் வந்த ஹென்றி பவரின் தமிழ் மொழிபெயர்ப்பின் வழிவந்த நம் பழைய வேதாகமம் நான்கிலும் மறுரூபம் என்றே சொல்கிறது.

இனி ‘மாற்றிக்கொள்’ என்பதற்கு வருகிறேன். தலையை வாரிக்கொண்டான், சட்டையை மாற்றிக்கொண்டான் என்கிறோம். செய்பவனே தனக்குச் செய்துகொள்வதை ‘கொள்’ காட்டுகிறது. ரோமருக்கு நிருபம் எழுதிய அப்போஸ்தலன் பவுல் கிரேக்கத்தில் எழுதியதோ செயப்பாட்டுவினை. அதிலும் தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும் ஏவல். தேவன் உங்களை மாற்றிக்கொண்டே இருக்க இடங்கொடுங்கள் என்பதே அதன் பொருள். முந்தைய வசனம் “ஒப்புக்கொடுக்க” வேண்டும் என்றுதான் கேட்கிறது. கொரிந்தியர் வசனமும் “மறுரூபப்படுகிறோம்” என்கிறது. அந்தப் ‘படு’ என்னும் ஒரு துணைவினையில் எவ்வளவு இறையியல் அடங்கியிருக்கிறது! அதை எடுத்துவிட்டு ‘கொள்’ளை வைத்தால், கிருபையின் இடத்தில் நம் முயற்சி வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. ரோமர் 12:2-இன் முற்பகுதி “ஒத்த வேஷந்தரியாமல்” என்று தொடங்குகிறது. வேஷம் தரிப்பது நாமே செய்கிற வேலை. அதே பழைய மொழிபெயர்ப்பு 2 கொரிந்தியர் 11:14-இல் சாத்தானைப் பற்றி என்ன சொல்கிறது? ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் “தரித்துக்கொள்வானே” என்கிறது. ‘கொள்’ எங்கே பொருந்தும் என்று அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் அதைக் கொண்டுவந்து மறுரூபத்தில் ஒட்டுகிறோம்.

இது வெறும் இலக்கணச் சண்டை அல்ல. “எவ்வளவோ முயன்றும் என்னை மாற்றிக்கொள்ள முடியவில்லை, அப்படியானால் நான் விசுவாசியே இல்லையா?” என்று கண்கலங்கிக் கேட்ட ஓர் இளைஞனை எனக்குத் தெரியும். அவனுக்கு யாரும் ‘படு’வைச் சொல்லித்தரவில்லை.

‘தனிமனித உருமாற்றம்’, ‘ஆளுமை மேம்பாடு’ என்றெல்லாம் எழுதும் பக்தி நூல் மொழிபெயர்ப்பாளர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. உருமாற்றம் நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் பாடநூலில் அது கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சியாவதற்கும், செய்தித்தாளில் வைரஸ் திரிவதற்கும் நிலைத்துவிட்டது. இரண்டும் தத்தம் இயல்பால் தாமே மாறுகிறவை. மேம்பாடோ, இருக்கிற ஆளையே கொஞ்சம் செப்பனிடுவதாகக் காட்டுகிறது. சுயமுன்னேற்றப் புத்தகத்தின் நடை நம் பிரசங்க மேடை வரை ஏறிவிட்டது.

‘ரூபம் வடசொல் ஆயிற்றே, தமிழில் சொல்லக் கூடாதா’ என்று கேட்பவர்களின் பக்கம்தான் நானும். வழி வேதாகமத்திலேயே இருக்கிறது. “கிறிஸ்து உங்களிடத்தில் உருவாகுமளவும்” கர்ப்பவேதனைப்படுகிறேன் என்று கலாத்தியர் 4:19-இல் பவுல் எழுதுகிறார். அங்குள்ள வினையும் மொர்ஃபேயிலிருந்து வந்ததுதான். நம்மவர்கள் அங்கே தமிழ் ‘உரு’வையே எடுத்தார்கள். கருவிலிருக்கும் பிள்ளை தன்னைத்தானே உருவாக்கிக்கொள்வதில்லை, உருப்பெறுகிறது. ஆகவே என் பரிந்துரை ‘மறுவுருப் பெறுதல்’. ‘பெறு’ என்றாலே கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ஜெபத்தில் சொல்லிப் பார்த்தேன்: “ஆண்டவரே, நான் உம்மால் மறுவுருப் பெற வேண்டும்.” நாவில் தடங்கவில்லை.