கன்பன்: பலகையா, சீட்டா?

பணிமுறை மாற்றத்தைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும், கையிலுள்ள பணிகளுக்கு வரம்பு வைத்து வேலையை நகர்த்தும் முறைக்குப் பெயரான கன்பன் என்ற சப்பானியச் சொல்லுக்குக் ‘காட்சிப்பலகை முறை’ என்னும் தமிழாக்கத்தை அடிக்கடி காண்கிறேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தாள, அவர் எடுத்தாண்டதே மூன்றாமவருக்குச் சான்றாகிவிடுகிறது. அண்மையில் கைக்கு வந்த ஒரு கையேடு, பலகையின் அகலம், அதில் ஒட்டும் தாள்களின் நிறம், பணியின் கட்டங்களைக் காட்டும் செங்குத்து வரிசைகளான நிரல்களுக்கு இட வேண்டிய பெயர் ஆகியவற்றுக்குப் பல பக்கங்களை ஒதுக்கியிருந்தது. ஆனால் ஒரு நிரலில் ஒரே நேரத்தில் எத்தனை பணிகள் இருக்கலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எழுதியவர் மீது முழுப் பழியையும் சுமத்த மாட்டேன். அவர் கையிலெடுத்த சொல்லே அவரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. அந்தச் சொல் ஏன் பிழை என்பதையும், அதன் இடத்தில் எதை வைக்கலாம் என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சொற்பிறப்பு நீண்ட கதையன்று. ‘கன்’ என்றால் பார்த்தல். ‘பன்’ என்றால் பலகை. இரண்டும் சீன எழுத்துகளோடு சப்பானிய மொழிக்குள் வந்த சீன ஒலிகள். சேர்ந்து வரும்போது அவை கடைவாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைக் குறிக்கும். அதிலிருந்து கடையின் நற்பெயர் என்ற பொருளும் கிளைத்தது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதுதான் நோக்கம் என்றால்கூடப் ‘பெயர்ப்பலகை’ என்றுதான் வர வேண்டும். காட்சிப்பலகை என்பது அந்தக் கணக்கிலும் தேறாது.

பெயர்ப்பலகையைக் குறித்த சொல், டொயோட்டா தொழிற்சாலையில் ஒரு சிறு சீட்டின் பெயராயிற்று. அங்கே இயந்திரக் கூடத்துக்குப் பொறுப்பாயிருந்த தாயிச்சி ஓனோ, அமெரிக்கப் பேரங்காடிகளைப் பற்றி அறிந்தவற்றிலிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொண்டார். அங்காடியில் வாங்குபவர் தமக்கு வேண்டியதை வேண்டிய அளவில் எடுத்துக்கொள்கிறார். அடுக்கில் இடம் காலியாகிறது. காலியான அளவுக்கு மட்டுமே கடைக்காரர் மீண்டும் சரக்கு வைக்கிறார். இதே ஒழுங்கை ஓனோ 1953இல் தம் கூடத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1962இல் அது நிறுவனம் முழுவதற்கும் பரவியது. இன்ன உதிரிப்பாகம், இத்தனை எண்ணிக்கை, இங்கிருந்து அங்கே என்ற செய்தியைச் சுமந்து சென்றது, உறையிலிட்ட ஒரு தாள்துண்டு. முந்தைய கட்டத்திலிருந்து பொருளை எடுத்துவர ஒரு வகைச் சீட்டு. எடுத்த அளவுக்குத் திரும்பச் செய்வதற்கு இன்னொரு வகை. சீட்டு இல்லாமல் எதையும் செய்யக் கூடாது, எதையும் நகர்த்தக் கூடாது என்பது விதி. சுற்றில் இருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கையே கூடத்தில் தேங்கும் பொருளின் உச்சவரம்பாகிறது; அந்த எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதும் விதிகளுள் ஒன்று.

தமிழில் எழுதுவோர் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. கடைப் பெயர்ப்பலகையைக் குறிக்கும்போது சப்பானியர் இச்சொல்லைச் சீன எழுத்துகளில் எழுதுகிறார்கள். டொயோட்டாவின் முறையைக் குறிக்கும்போது, ஒலியை மட்டும் காட்டும் தங்கள் இரகானா எழுத்தில் எழுதுவது வழக்கம். ஒலி ஒன்றே ஆனாலும் பொருள் வேறு என்பதை எழுத்து மாற்றத்தாலேயே அவர்கள் காட்டிவிட்டார்கள். பிறந்த மொழியிலேயே பலகை என்ற பொருளை விட்டு விலகிவந்த ஒரு சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, மறுபடியும் பலகைக்கே இழுத்துச் சென்று கட்டுவது எப்படி மொழிபெயர்ப்பாகும்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து வாகன உதிரிப்பாகக் கூடங்களில் இதைக் ‘கான்பான் கார்டு’ என்று சொல்பவர்கள், அது கையில் எடுத்துச் செல்லும் ஒரு சீட்டு என்பதைத் தெளிவாகவே அறிந்திருக்கிறார்கள். பலகை என்ற குழப்பம் கணிப்பொறிக்கு முன்னால் அமர்ந்து எழுதும் நம்மிடமிருந்துதான் தொடங்கியது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. டொயோட்டாவின் கதை வேறு, இன்றைய அலுவலகங்களில் கற்பிக்கப்படும் கன்பன் வேறு. இன்றைய முறையில் உண்மையிலேயே ஒரு பலகை இருக்கிறது, அதில் பணிகள் இடமிருந்து வலமாக நகர்கின்றன, எனவே பலகை என்று சொல்வதில் தவறில்லை என்பார்கள். இன்றைய முறை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் இந்த மறுப்பு நிற்காது. 2004இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உள்ளக மென்பொருள்களைப் பராமரித்த, ஐதராபாத்தில் இருந்து இயங்கிய ஓர் அணியின் பணிமுறையைச் சீராக்க, அலுவலகக் கன்பன் முறையை வகுத்த டேவிட் ஆண்டர்சன் உதவினார். கோரிக்கைகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரமாகும் என்று மதிப்பிட்டுச் சொல்வதிலேயே அணியின் உழைப்பில் கணிசமான பங்கு கரைந்துகொண்டிருந்தது. அங்கே முதலில் நடந்தவை, கையிலெடுக்கும் பணிகளுக்கு வரம்பு வைத்ததும், மதிப்பீடு கேட்பதை நிறுத்தியதும், ஒன்று முடிந்தால்தான் அடுத்ததை வரிசையில் சேர்ப்பது என்ற ஒழுங்கைக் கொண்டுவந்ததும்தான். சுவரில் அட்டைகளை ஒட்டும் பழக்கம் 2006, 2007 வாக்கில் அவர் கோர்பிஸ் என்னும் வேறொரு நிறுவனத்தில் பணியாற்றியபோதுதான் இந்த முறையோடு சேர்ந்தது. வரம்பு முன்னே வந்தது; பலகை பின்னே வந்தது.

ஆண்டர்சன் தம் நூலில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதை இன்னும் தெளிவாக்குகிறது. 2005இன் வசந்த காலத்தில் தோக்கியோவில் பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டத்துக்குச் சென்றவருக்கு, வாயிலில் ஒரு நெகிழி வில்லையைக் கொடுத்தார்கள். கட்டணம் ஏதும் இல்லை. வெளியேறும்போது வில்லையைத் திருப்பித் தர வேண்டும். பணம் வாங்காத இடத்தில் வில்லை எதற்கு என்று எண்ணிய அவர், தோட்டத்துக்குள் ஒரே நேரத்தில் இருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையை அந்த வில்லைகளே வரையறுக்கின்றன என்பதை உணர்ந்தார். அங்கே எந்தப் பலகையும் இல்லை. ஆனாலும் கன்பன் இருந்தது.

அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் அட்டை ஒரு பணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. டொயோட்டாவின் சீட்டைப் போல அது இசைவு வழங்குவதில்லை. ‘சோதனை’ என்ற நிரலின் தலையில் 3 என்று எழுதியிருந்து, கீழே இரண்டு அட்டைகள் மட்டும் இருக்குமானால், மீதமுள்ள அந்த ஒரு வெற்றிடம்தான் சீட்டு. இன்னொரு பணியை எடுத்துக்கொள்ளலாம் என்ற இசைவை அது தருகிறது. நிரலின் தலையில் எண் இல்லாவிட்டால் வெற்றிடத்துக்குப் பொருள் இல்லை. எவ்வளவு அட்டைகளை ஒட்டினாலும் அது செய்யவேண்டியவற்றின் பட்டியலாக மட்டுமே நிற்கும். வரம்பு இல்லாத பலகையை வைத்துக்கொண்டு தாங்கள் கன்பனைக் கடைப்பிடிப்பதாக நம்பும் அணிகள் ஏராளம் என்பது இத்துறையில் இருப்போர் அறிந்ததே. காட்சிப்பலகை முறை என்று பெயர் சொல்லிக் கற்பித்தால், கற்பவர் பலகையை மாட்டியவுடன் கடமை முடிந்தது என்று எண்ணுவதில் வியப்பில்லை.

மாற்றத்தோடு இந்த வரம்புக்கு என்ன தொடர்பு என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதிப்படி, நிலையாக இயங்கும் ஓர் அமைப்பில் உள்ள பணிகளின் சராசரி எண்ணிக்கை, அவை வந்து சேரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம். ஓர் அணியின் கையில் 20 பணிகள் இருந்து, வாரத்துக்கு 5 முடிகின்றன என்றால், ஒரு பணி சராசரியாக 4 வாரம் உள்ளே கிடக்கிறது. வேகம் குறையாமல் கைவசப் பணிகளை 10ஆகக் குறைத்தால் அது 2 வாரமாகிறது. புதிதாக யாரையும் அமர்த்தவில்லை. யாருடைய பதவியையும் மாற்றவில்லை. சோதிப்பவர்களின் நிரல் நிறைந்துவிட்டால், மென்பொருள் எழுதுவோர் புதிய வேலையைத் தொடங்க முடியாமல் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறோம் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழுகிறது. தேக்கம் எங்கே என்பது மேலதிகாரி சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிறது. மாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. இப்போது செய்வதிலிருந்து தொடங்கு, இருக்கும் பொறுப்புகளையும் பதவிப் பெயர்களையும் மதி, சிறிது சிறிதாக மாற்றிச் செல்ல உடன்படு என்ற கன்பனின் அடிப்படை நெறிகள் வெறும் நல்லெண்ணத்தோடு நின்றுவிடாமல் இருப்பதற்கு இந்த வரம்பே காரணம். எனவே வரம்பை மறைக்கும் சொல், அந்த முறை மாற்றத்தை உண்டாக்கும் வழியையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

தனித்தமிழ் ஆர்வலர் சிலர் வேறொரு வழியில் செல்கிறார்கள். கன்பன் என்பது நம் ‘காண்பான்’ என்ற சொல்லே என்றும், காணுதல் என்ற வேர் சப்பானுக்குச் சென்று திரும்பியிருக்கிறது என்றும் எழுதுகிறார்கள். தமிழுக்கும் சப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்ற கருத்தை முன்வைத்தவர் சப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ. தாயிச்சி ஓனோவின் குடும்பப் பெயரே அவருக்கும் இருப்பது தற்செயல். மொழியியலாளர் பலர் ஏற்காத அந்தக் கருத்தை ஒப்புக்கொண்டால்கூட, அது சப்பானியரின் சொந்தச் சொற்களைப் பற்றியது. ‘கன்’ என்பதோ சீனத்திலிருந்து கடன்பெற்ற ஒலி. அதற்குரிய எழுத்தில் கண்ணின் வடிவத்துக்கு மேல் கையின் வடிவம் இருக்கிறது. ஒலி ஒப்புமையை மட்டும் பிடித்துக்கொண்டு வேர் காட்டுவது தமிழுக்குச் செய்யும் பெருமையன்று. தமிழின் தொன்மைக்கு வேண்டிய சான்றுகள் கல்லிலும் ஏட்டிலும் நிறைய உள்ளன.

இந்த முறையைச் சுற்றியுள்ள மற்றச் சொற்களிலும் இதே கவனக்குறைவைக் காண்கிறேன். ஒரு கட்டத்தில் இருப்பவர் தமக்கு ஆற்றல் உள்ளபோது முந்தைய கட்டத்திலிருந்து பணியைத் தாமே எடுத்துக்கொள்ளும் ஒழுங்கை ‘இழுப்பு முறை’ என்று பெயர்த்திருக்கிறார்கள். தமிழில் ஒரு வேலை ‘இழுக்கிறது’ என்றால் முடியாமல் நீள்கிறது என்று பொருள். ‘இழுத்தடிக்கிறார்’ என்றால் வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார் என்று பொருள். தாமதத்தைக் குறைக்க வந்த முறைக்குத் தாமதத்தின் பெயரையே சூட்டியிருக்கிறோம் என்பது மொழிபெயர்த்தவர் காதில் விழாமல் போனது வருத்தத்துக்குரியது. ‘கேட்டுப்பெறும் முறை’ என்றால் யாருக்கும் விளங்கும். அதுபோலவே, சிறிது சிறிதாக நடக்கும் மாற்றத்தைப் ‘பரிணாம மாற்றம்’ என்று எழுதுகிறார்கள். பரிணாமம் என்றவுடன் படிப்பவருக்கு உயிரியல் பாடம் நினைவுக்கு வருகிறது. அது தானாக, நெடுங்காலத்தில் நிகழ்வது. இங்கே பேசப்படுவது அணியினர் உடன்பட்டு, அளந்து பார்த்து, அடியெடுத்து வைக்கும் மாற்றம். ‘படிப்படியான மாற்றம்’ என்ற எளிய தொடரை விட்டு ஏன் விலக வேண்டும்? அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவதுதான் இன்றைய தொழில்நுட்ப மொழிபெயர்ப்பின் பெருங்குறை. அந்தச் சொல்லைத் தமிழர் பேச்சில் எந்தப் பொருளில் ஆள்கிறார்கள் என்று ஒரு முறை உரக்கச் சொல்லிப் பார்த்தாலே பாதிப் பிழைகள் நீங்கிவிடும்.

கன்பனுக்கு நான் முன்வைப்பது ‘இசைவுச்சீட்டு முறை’ என்பது. சீட்டு என்ற சொல்லை ஏலச்சீட்டோடும் சீட்டாட்டத்தோடும் சேர்த்து நினைப்பார்கள் என்று நண்பர் ஒருவர் தயங்கினார். நுழைவுச்சீட்டு, பயணச்சீட்டு, மருந்துச்சீட்டு என்று முன்னொட்டு வந்தவுடன் பொருள் ஐயமின்றி நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். அந்தச் சீட்டுகள் எல்லாமே ஒன்றைச் செய்யவோ பெறவோ உரிமை தருபவை. அந்த உரிமைதான் இங்கே வேண்டிய பொருள். ‘அனுமதிச்சீட்டு’ என்று வைக்கலாமே என்றால், அனுமதி மேலிருந்து ஒருவர் வழங்குவதாகத் தோன்றும். கன்பனில் இசைவு தருபவர் மேலதிகாரி அல்லர், அடுத்த கட்டத்தின் வெற்றிடமே தருகிறது. கைவசமுள்ள பணிக்கு வைக்கும் எல்லையைக் ‘கைவசப் பணி வரம்பு’ எனலாம். பலகையைத் துரத்திவிட வேண்டியதில்லை. அது ‘பணிப்பலகை’ என்ற பெயரில், ஒரு கருவி என்ற அளவில், தன் இடத்தில் இருக்கட்டும்.

மூலப்பெயரையே ஆள வேண்டிய இடங்களில் ஒலிபெயர்ப்பும் செம்மையாக இருக்க வேண்டும். ‘கான்பான்’ என்பது ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நாம் நீட்டிக்கொண்ட ஒலி; சப்பானியத்தில் இரண்டு உயிர்களும் குறில்கள். அவர்கள் பேச்சில் பகர ஒலிக்கு முன் வரும் மெய் மகரமாகத் திரிவதால், அவர்கள் சொல்லுவது நம் செவிக்குக் கம்பன் என்றே விழும். ஆனால் அப்பெயரைத் தமிழில் வேறொருவருக்கும் பயன்படுத்துவது முறையாகாது, படிப்பவரும் தடுமாறுவர். ‘அன்பு’ என்பதில் பகரம் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே ‘கன்பன்’ என்பதிலும் தானாகவே ஒலித்துவிடுவதால், கிரந்தமோ வேறு குறிகளோ இன்றி, கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் ‘கன்பன் என்னும் இசைவுச்சீட்டு முறை’ என்றும், பின்னர் இரண்டில் பொருந்திய ஒன்றையும் எழுதலாம்.