நேராகப் பார்த்தால் மறையும் உருவம்

சென்னை ஆழ்வார்பேட்டையில் டி மான்டி காலனி என்று ஒரு சின்னத் தெரு. போர்த்துகீசிய வம்சாவளி வணிகர் ஜான் டி மான்டியின் பெயர் அதற்கு. அவருடைய சொத்து திருச்சபைக்குப் போனது. பிற்காலத்தில் அங்கிருந்த வீடுகள் பல ஆண்டுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன, புதர் மண்டியது. அப்புறம் கதைகள் குடிவந்தன: கதவு தானாகத் திறக்கிறதாம், ராத்திரியில் யாரோ நடக்கிறார்களாம்.

இப்படிப்பட்ட தெருக்களின் கதைகளை எந்த ஊரில் கேட்டாலும் ஒரு விஷயம் தவறாமல் வரும். ஓரக்கண்ணில் யாரோ நின்ற மாதிரி இருந்தது, திரும்பினால் ஆளைக் காணோம். இதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நம் கண்ணின் அமைப்பே அப்படி.

விழித்திரையில் இரண்டு வகைப் பார்வைச் செல்கள் உண்டு. கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். நிறமும் நுணுக்கமும் இவற்றின் வேலை, ஆனால் வெளிச்சம் வேண்டும். குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. மங்கிய ஒளியே இவற்றுக்குப் போதும், நிறம் மட்டும் தெரியாது. ஒன்றை உற்றுப் பார்க்கும்போது அதன் பிம்பம் விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழிவில் விழுகிறது. அந்தக் குழிவின் மையத்தில் ஒரு குச்சிச் செல்கூடக் கிடையாது! அவை மிக நெருக்கமாக இருப்பது மையத்திலிருந்து ஏறக்குறைய 20 டிகிரி தள்ளி. கையை நீட்டிச் சாண் விரித்தால் எவ்வளவு அகலம் தெரியுமோ, அவ்வளவு தூரம்.

இருட்டுத் தெருவில் காம்பவுண்டு சுவருக்கு மேல் ஒரு காய்ந்த தென்னை மட்டை தொங்கி ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரக்கண்ணில் அது சாம்பல் நிறத்தில் ஓர் அசைவு, அவ்வளவுதான். அங்கே பல குச்சிச் செல்கள் சேர்ந்து ஒரே நரம்பிழைக்குச் செய்தி தருவதால் மங்கல் ஒளியும் பதிவாகும், ஆனால் உருவம் கலங்கிவிடும். மிச்சத்தை மூளை நிரப்புகிறது. மட்டையை ஆள் என்று நினைத்தால் நஷ்டமில்லை, ஆளை மட்டை என்று நினைத்தால் ஆபத்து. அதனால் மூளை ஆள் பக்கமே சாய்கிறது. பதறித் திரும்புகிறோம். பிம்பம் நடுக்குழிவுக்கு வருகிறது. அங்கே கூம்புகளுக்கு வெளிச்சம் பற்றவில்லை, உருவம் கரைந்துபோகிறது.

சந்தேகமிருந்தால் மொட்டை மாடியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது மறைகிற மங்கிய விண்மீன்கள், பார்வையைச் சற்று விலக்கினால் தெரியும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த அரளலையும் சோதித்திருக்கிறார்கள். 1997இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் லாங்கே, ஹூரன் என்ற இருவர், பேய்க்கதை எதுவுமே இல்லாத பழைய திரையரங்கு ஒன்றில் 22 பேரை நடக்கவிட்டார்கள். பாதிப் பேரிடம் இங்கே பேய் உண்டு என்றார்கள், மீதிப் பேரிடம் கட்டடம் புதுப்பிக்கப்படுகிறது என்றார்கள். முதல் குழுவுக்குத்தான் விசித்திர அனுபவங்கள் அதிகம்.

காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 19 தடவை) ஒலி அதிர்வே பேயைக் காட்டுகிறது என்று ஒரு விளக்கமும் பிரபலம். இங்கிலாந்தில் ஓர் ஆய்வகத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் கண்ட பொறியாளர் விக் டாண்டி 1998இல் எழுதியது அது. அவர் திரும்பிப் பார்த்ததும் அந்த உருவமும் மறைந்ததாம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டனில் உளவியலாளர் கிறிஸ் பிரெஞ்சு குழுவினர் இதற்கென்றே ஓர் அறை கட்டிச் சோதித்தார்கள். அங்கே பலருக்கும் ஏதேதோ தோன்றியது, ஆனால் அதிர்வு இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

குச்சிச் செல்களுக்கு ரொடாப்சின் என்ற நிறமி வேண்டும். வெளிச்சத்தில் சிதைந்த அது முழுதாக மீள 20 முதல் 30 நிமிடம் ஆகும். எதிரே வரும் ஒரு பைக்கின் ஹெட்லைட் அந்தச் சேமிப்பில் கொஞ்சத்தைக் கரைத்துவிடும். அதனால் அப்படியொரு தெருவில் நிற்க நேர்ந்தால் டார்ச்சையும் செல்போனையும் அணைத்துவிட்டு, கண் பழகும்வரை பொறுங்கள். பிறகு அந்த உருவத்துக்கு, நீட்டிய கையின் ஒரு சாண் தள்ளிப் பார்வையை நிறுத்துங்கள். இந்த முறை அது மறையாது. காற்றடிக்கும்போதெல்லாம் சுவரோரம் ஆடிக்கொண்டிருக்கும்.